பாத்திரம் கழுவும் திரவம் செடிக்கு மருந்தல்ல

"பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஒரே ஒரு முறை தெளியுங்கள், மாவுப்பூச்சி அடியோடு ஒழியும், வாடிய செடியும் துளிர்க்கும்" என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள்.

அந்தத் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கானது. இலையைக் காக்கும் மெழுகுப் படலத்தையும் அது அரித்துவிடும், இலையோரம் கருகும். செடிகளுக்கென்றே வரும் பூச்சிக்கொல்லி சோப்பு வேறு. அதுகூட ஈரமாகப் பூச்சியின் மேல் பட்டால்தான் கொல்லும், காய்ந்தபின் பயனில்லை. மாவுப்பூச்சியோ இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில், வெள்ளைப் பஞ்சு போன்ற உறைக்குள் முட்டையிட்டு வைத்திருக்கும். ஒரு தெளிப்பில் எப்படிப் போகும்?

செடியை முதலில் தனியே வையுங்கள். கிருமிநீக்கியாகப் பயன்படும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஓர் இலையில் தொட்டுச் சோதித்துவிட்டு, அதில் நனைத்த பஞ்சுக்குச்சியால் இடுக்குகளைத் துடையுங்கள். பூச்சி கண்ணில் படாமல் போகும்வரை வாராவாரம் செய்ய வேண்டும்.

அப்புறம், எல்லா வாட்டத்துக்கும் பூச்சி காரணமல்ல. மண் ஈரமாக இருந்தும் செடி தொங்கினால் வேரைப் பாருங்கள். பழுப்பாகக் குழைந்து நாறினால் அது வேரழுகல். அழுகியதை வெட்டிவிட்டு, நீர் நன்றாக வடியும் புது மண்ணில் நடுங்கள். புதுத் தளிர் வரும்வரை உரம் வேண்டாம்.