தடையோடு பள்ளியும் வேண்டும்
குழந்தைத் தொழிலை ஒழிக்க, குழந்தைகளை வேலைக்கு வைத்துச் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடுத்தாலே போதும் என்கிறது உங்கள் இதழில் வந்த கட்டுரை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 1992-ல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்க்கின் இப்படி ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனாலும் பயந்துபோன வங்கதேச ஆடைத் தொழிற்சாலைகள் சுமார் 50,000 பிள்ளைகளை வேலையை விட்டு அனுப்பின என்று ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் சொன்னது. சட்டையில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் அப்புறம் கல் உடைக்கப் போனார்கள். நினைத்தாலே மனசு பதறுகிறது. 1995-ல்தான் யுனிசெஃப், ஐ.எல்.ஓ. என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வங்கதேச ஆடை உற்பத்தியாளர் சங்கம் மூன்றும் ஒப்பந்தம் போட்டுப் பள்ளி திறந்து, படிக்க வந்த பிள்ளைக்கு மாதம் 300 டாக்கா (வங்கதேசப் பணம்) உதவித்தொகை கொடுத்தன. தடை போடுங்கள், சரி. அந்த உதவித்தொகையையும் அதே சட்டத்தில் எழுதுங்கள்.