நிலச் சீர்திருத்தத்தின் மேல் பழி போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் வீடியோ வந்திருக்கும். "உழுதவனுக்கெல்லாம் நிலத்தைப் பிரித்துக் கொடுத்துத்தான் விவசாயமே உருப்படாமல் போனது" என்று ஒருவர் சொல்ல, பாதி அரங்கு கைதட்டியது. சொன்னவர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. கைதட்டியவர்களில் பல பேருடைய அப்பா, தாத்தா கதை எனக்குத் தெரியும். அதுதான் தாங்கவில்லை.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் குத்தகைக்குப் பயிரிட்டவர். அறுப்பு முடிந்ததும் காரியஸ்தர் களத்தில் வந்து உட்காருவார். மிராசு வீட்டுக்கு அளந்தது போக மிஞ்சியதுதான் எங்களுக்கு. எல்லாமே வாய்வார்த்தைக் குத்தகை. அடுத்த போகத்துக்கு வேறு ஆளைப் போட்டால், இத்தனை வருஷம் உழுதது நான்தான் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான், இனி யாரும் வெளியேற்ற முடியாது என்ற தைரியத்தில் வயலுக்குச் செலவு செய்தார், அப்பாவைக் கல்லூரிக்கு அனுப்பினார். பெங்களூரில் நான் இன்று உட்கார்ந்து இதை எழுதுவதற்கு அந்தப் பெயர்ப் பதிவுதான் காரணம்.

நாம் பிழைக்க வந்த இந்தக் கர்நாடகத்திலும் அதே கதைதான். முதலமைச்சராக இருந்த தேவராஜ் அர்ஸ் 1974-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் குத்தகை நிலம் உழுதவர்களுக்கே சொந்தமானது. மேற்கு வங்கத்தில் 1978-இல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழுத லட்சக்கணக்கான வாரதாரர்களின் பெயரைப் பதிவு செய்தது. இவர்களெல்லாம் நாட்டைக் கெடுத்தவர்களா?

"துண்டு துண்டான நிலத்தில் என்ன விளையும், பெரிய பண்ணை வேண்டாமா?" என்று கேட்பீர்கள். தைவானைப் பாருங்கள். 1949-இல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றார்கள். 1953-இல் நிலத்தையே உழுதவர்களுக்குக் கொடுத்தார்கள். ஜப்பானும் தென் கொரியாவும் அதே காலத்தில் அதையே செய்தன. மூன்றுமே சின்னச் சின்ன வயல்கள்தான். அங்கே விளைச்சல் படுத்துவிடவில்லை. கிராமத்தான் கையில் காசு புரண்ட பிறகுதான் அங்கே தொழிற்சாலைகள் எழுந்தன.

ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்புச் சட்டத்தைப் பினாமி பெயர்களில் ஏமாற்றினார்களே என்பீர்கள். ஏமாற்றினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அரைகுறையாகச் செய்ததால் வந்த கேட்டைச் சட்டத்தின் தலையில் கட்டாதீர்கள். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு, அதை மேடையில் யாரும் சொல்லவில்லை. குத்தகைதாரருக்காவது ஏதோ கிடைத்தது. சேற்றில் இறங்கி நட்ட கூலி ஆட்களுக்கு, பெரும்பாலும் தலித்துகளுக்கு, எத்தனை காணி கிடைத்தது? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூடுதல் கூலி கேட்டதில் வந்த பகை அது. சீர்திருத்தம் போதவில்லை என்று பேசுங்கள், நானும் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன். அதிகமாகிவிட்டது என்று பேசாதீர்கள்.

அப்புறம் பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் தேவனஹள்ளி. அங்கே சன்னராயபட்டணா பகுதியில் 13 கிராமங்களில் 1,777 ஏக்கர் விளைநிலத்தை அரசு கையகப்படுத்தப் பார்த்தது. மூன்று வருஷத்துக்கும் மேல் அந்த ஜனங்கள் போராடினார்கள். 2025 ஜூலையில் அரசு அதைக் கைவிட்டது. அதை "வளர்ச்சிக்கு வந்த சாபம்" என்று அதே மேடையில் சொன்னார்கள். ராகியும் திராட்சையும் காய்கறியும் விளைகிற மண் அது. நாம் காலையில் வாங்குகிற கீரையில் கொஞ்சம் அந்தப் பக்கத்திலிருந்து வருவதுதான். 2020-இல் கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியாகிவிட்டது. பணம் இருப்பவர்களுக்கு வழி திறந்தே கிடக்கிறது. விற்கமாட்டேன் என்று சொல்லும் உரிமையாவது அந்த விவசாயிக்கு இருக்கட்டுமே!

"ஐடி சம்பளம் வாங்கிக்கொண்டு, ஃபிளாட்டில் உட்கார்ந்து பேசுகிறாயே" என்று யாராவது கமெண்ட் போடுவார்கள். சரி, என் ஃபிளாட்டும் ஒரு காலத்தில் யாருடைய வயலோதான். அவருக்கு நியாயமான விலை கிடைத்ததா, அந்தக் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக நான் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? அடுத்தவன் நிலத்தைப் பற்றிக் கைதட்டுகிற உரிமை உங்களுக்கு இருந்தால், அவனுக்காகப் பேசுகிற உரிமை எனக்கும் உண்டு.

அடுத்த கூட்டத்துக்குச் சன்னராயபட்டணாவிலிருந்து ஒரு விவசாயியை அழையுங்கள், கன்னடத்தில் பேசட்டும், நானே மொழிபெயர்க்கிறேன் என்று அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. அவர்களை அழைக்கும்வரை அந்த அரங்குக்கு நான் வரப்போவதில்லை.