புகை கலைந்ததும் எழுந்து போய்விடாதீர்கள்

ராக்கெட் ஏவுவதை நேரலையில் பார்த்தே பழகியிருந்த எனக்கு, ஸ்ரீஹரிகோட்டா பார்வையாளர் மாடத்தில் முதலில் குழப்பியது சத்தம்தான். டிவியில் நெருப்பும் உறுமலும் சேர்ந்தே வரும். நேரில், மரங்களுக்கு மேலே ஓர் ஆரஞ்சு வெளிச்சம் சத்தமே இல்லாமல் ஏறுகிறது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 விநாடி என்ற கணக்கில் ஒலி நம்மிடம் வந்து சேர்வதற்குள் அது நல்ல உயரம் போயிருக்கும். சத்தம் வந்த பிறகோ, காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் கேட்கிறது. பக்கத்திலிருந்த குழந்தை அப்போதுதான் அழ ஆரம்பித்தது.

சரி, சொல்ல வந்தது வேறு. ராக்கெட் மேகத்துக்குள் போனதும் பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் பகுதிகளை ‘நிலை’ என்பார்கள். அதன் முதல் நிலை எரிவதே இரண்டு நிமிடம்தான். அதற்குப் பிறகு இன்னும் மூன்று நிலைகள் இருக்கின்றன. வேலையில் பெரும்பகுதி நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் நடக்கிறது.

2021 ஆகஸ்டில் ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட் அழகாகத்தான் கிளம்பியது. ஆனால் மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் எரியும் கிரையோஜெனிக் மேல்நிலை பற்றவில்லை. 2025 மே மாதம் பிஎஸ்எல்வி-சி61 மூன்றாவது நிலையில் காலை வாரியது. இரண்டுமே விடிகாலை ஏவுதல்கள். கைதட்டிவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்தவர்கள், எழுந்து செய்தியைப் பார்த்து முழித்திருப்பார்கள்.

அதனால் நான் பார்ப்பது திரையில் ஓடும் அந்தக் கோட்டைத்தான். போக வேண்டிய பாதை ஒரு கோடாக இருக்கும். ராக்கெட் போகும் பாதை அதன்மேலேயே ஊர்ந்து வரும். பூமியின் துருவங்களுக்கு மேலாகச் செல்லும் துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி என்றால் வரைபடத்தையும் கவனியுங்கள். இலங்கைக்கு மேலே பறக்கக்கூடாது என்பதால் முதலில் தென்கிழக்கே போய், அப்புறம் தெற்கே திரும்பும். இந்தச் சுற்றுவழிக்கு எரிபொருள் செலவாகிறது, சுமக்கும் எடை குறைகிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கு ஏவுதளம் அமைப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். அங்கிருந்து தெற்கே வெறும் கடல்.

அன்றைக்கு ஒவ்வொரு நிலைக்கும் ‘நார்மல்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல, நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். செயற்கைக்கோள் பிரிந்துவிட்டது என்று அறிவித்தபோது மாடத்தில் கைதட்ட சொற்பம் பேர்தான் மிச்சம். மற்றவர்களெல்லாம் வெளியே வண்டி எடுக்க ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.