ஒப்புக்குச் சப்பாணி

அக்கா மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து ஊருக்கு வந்திருந்தான். பையில் ஒரு நோட்டு. "மாமா, கேம் டிசைன் பண்ணிருக்கேன்" என்று நீட்டினான். 40 பக்கம் இருக்கும். நாயகன் பெயர், அவன் வாளின் பெயர், 7 உலகம், 12 ஆயுதம், வில்லனுக்குச் சின்ன வயதில் நடந்த அநியாயம், எல்லாம் இருந்தது. படங்களும் நன்றாகவே வரைந்திருந்தான். கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "சரி, விளையாடுறவன் என்ன செய்யணும்?" என்றேன்.

"சண்டை போடணும்."

"எப்படி?"

"பட்டனை அழுத்தணும்."

"எப்ப அழுத்தணும், எப்ப அழுத்தக் கூடாது?"

நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மத்தியானம் சாப்பிடும்போதுகூட என் பக்கம் திரும்பவில்லை.

அவனைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. சில வருடங்களுக்கு முன் நானும் ஆபீஸ் முடிந்து வந்து, ராத்திரி ராத்திரியாக யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு கிராமத்து கேம் செய்தேன். 8 மாதம். வயல் காற்றில் அசையும். மேகம் நகர்ந்தால் கிணற்றுத் தண்ணீரில் நிழல் நகரும். மாடு தலையைத் திருப்பிப் பார்க்கும். அந்தக் கழுத்து ஒழுங்காகத் திரும்புவதற்கே 3 வாரம் ஆனது. நண்பர் ஒருவரிடம் போனைக் கொடுத்தேன். வரப்பில் நடந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "நல்லாருக்குப்பா. அப்புறம்?" என்றார். அப்புறம் ஒன்றும் இல்லை. அதுதான் மொத்தமும்.

சின்ன வயதில் தெருவில் விளையாடும்போது யாராவது தம்பியையோ தங்கையையோ இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சேர்க்கவில்லை என்றால் அழும், வீட்டில் போய்ச் சொல்லும். அதனால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அது ஓடலாம், கத்தலாம், யாரை வேண்டுமானாலும் தொடலாம். தொட்டாலும் அவுட் இல்லை, அதைத் தொட்டாலும் அவுட் இல்லை. கொஞ்ச நேரம் குதூகலமாக ஓடும். அப்புறம் தானாகவே திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தான் என்ன செய்தாலும் ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை என்பது நாலு வயதுக் குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடுகிறது. என் கிராமத்தில் நண்பரை நான் அப்படித்தான் உட்கார்த்தி வைத்திருந்தேன்.

எது ஆட்டம் என்பதில் தத்துவக்காரர்களுக்கு நடுவிலேயே பெரிய வழக்கு உண்டு. சீட்டு, சதுரங்கம், பந்து என்று எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றும் சிக்காது, ஒரே குடும்பத்து முகங்கள்போல அங்கங்கே ஒரு ஜாடை தெரியும், அவ்வளவுதான் என்றார் விட்கன்ஸ்டைன். பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் இதை மறுத்தார். பொதுவாக ஒன்று இருக்கிறது: தேவையே இல்லாத ஒரு தடையை நாமே விரும்பி ஏற்றுக்கொண்டு அதைத் தாண்டப் பார்ப்பது. பாண்டி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் கட்டங்களை இரண்டு காலால் நடந்து 5 நொடியில் கடந்துவிடலாம். யாரும் நடப்பதில்லை. நொண்டியடித்துத்தான் போக வேண்டும், கோட்டை மிதித்தால் அவுட். அந்த நொண்டிதான் ஆட்டமே.

எனக்கு சூட்ஸ் கட்சிதான் பிடிக்கும். ஆனால் என் உரைகல் தெருவிலிருந்து வந்தது: எதில் ஒருத்தன் "அழுகுணி ஆட்டம்!" என்று கத்த முடியுமோ, அது ஆட்டம். பந்தைச் சும்மா சுவரில் அடித்துக்கொண்டிருப்பவன் அழுகுணி ஆட முடியாது. தரையில் ஒரு கோட்டைக் கிழித்து, இதற்கு இந்தப் பக்கம் விழுந்தால் அவுட் என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த நிமிடம் சண்டை வந்துவிடும். என் மாட்டிடம் அழுகுணி ஆட வழியே இல்லை.

இந்த உரைகல்லும் முழுசாகப் போதாது. பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தாராளமாக அழுகுணி ஆடலாம், ஆட்டம்தான். ஆனால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் சப்பாணிகள். உருட்டுவதும் நகர்த்துவதும் தவிர நம் கையில் ஒன்றும் இல்லை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க அது பொருத்தமான ஆட்டம் என்பதையும் சொல்ல வேண்டும். பாதித் தூக்கத்தில் இருக்கிற தாத்தாவும் மூன்று வயதுப் பேத்தியும் சரிசமமாக ஆட வேறு என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலம் அந்தப் பலகையைத்தான் எடுத்தேன். கோபம் இறங்கிப் பயலும் வந்து உட்கார்ந்தான். இதை மாற்றலாமா என்றேன். முதலில் ஒரு பகடைக்குப் பதில் இரண்டு, எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தோம். 10 நிமிடத்தில் அலுத்துவிட்டது. ஏணி இருந்தால் எடு, பாம்பு இருந்தால் விடு, இரண்டும் இல்லையென்றால் பெரியதை எடு. யோசிக்க என்ன இருக்கிறது? அப்புறம் அவனே சொன்னான்: "மாமா, நான் வேண்டாம்னு விடுறத நீங்க நகத்தணும்னு வச்சா?"

வைத்தோம். அவன் காய் 31இல், என்னுடையது 43இல். அவன் உருட்டியதில் 4, 5. ஐந்தை எடுத்தால் அவனுக்கு 36இல் ஏணி. ஆனால் மிச்சமிருக்கும் நாலு எனக்கு வரும், 47இல் என்னுடைய ஏணி அதைவிடப் பெரிது. நாலை எடுத்தால் அவனுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஐந்தில் நான் 48க்குப் போய்ப் பாம்பின் வாயில் விழுவேன். பலகையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், விரல் விட்டு எண்ணினான். அரை நிமிடம் ஆகியிருக்கும். அதே பலகை, அதே பாம்பு. நாலை எடுத்து என்னைக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்தான் பாருங்கள், 7 உலகத்தை விவரிக்கும்போதுகூட அந்தச் சிரிப்பு அவனிடம் இல்லை.

கேம் செய்கிறவர்களின் முகநூல் குழுக்களில் புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா என்பதுதான். பெரியவர்களும் உட்கார்ந்து 200 கமெண்ட் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு தாள், ஒரு பகடை, கொஞ்சம் புளியங்கொட்டை. தெரிந்த ஆட்டம் ஒன்றில் ஒரே ஒரு விதியை மாற்றி, வேறு இரண்டு பேரை ஆடச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். வாயை மூடுவதுதான் கஷ்டம்.

1972இல் அட்டாரி என்ற வீடியோ கேம் கம்பெனியில் ஆலன் ஆல்கார்ன் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முன் அவர் ஒரு வீடியோ கேமும் செய்ததில்லை. கை பழகட்டும் என்று கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் கொடுத்த பயிற்சிதான் 'பாங்': இரண்டு மட்டை, ஒரு பந்து, மதிப்பெண். கதை கிடையாது, வில்லனும் கிடையாது. ஆல்கார்ன் மட்டையை 8 துண்டாகப் பிரித்தார். நடுவில் பட்டால் பந்து நேராகத் திரும்பும், ஓரத்தில் பட்டால் சாய்ந்து போகும். அதுவரை தடுப்பது மட்டுமே வேலை. இப்போது ஓரத்தில் வாங்கி எதிராளியை ஓடவிடலாமா, தவறிவிடுமா என்ற கேள்வி வந்துவிட்டது. அடிக்க அடிக்கப் பந்தின் வேகமும் கூடும். மின்சுற்றில் இருந்த ஒரு குறையால் மட்டை திரையின் உச்சி வரை போகாது. அதைச் சரி செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். சரி செய்திருந்தால், கை தேர்ந்த இரண்டு பேர் விடிய விடிய ஆடிக்கொண்டிருப்பார்கள். 3 வாரம் மாட்டுக் கழுத்தைச் சரி செய்த எனக்கு இதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

பயல் ஊருக்குப் போவதற்கு முதல் நாள் ஆச்சியை, அதாவது என் அம்மாவை, ஆட உட்காரவைத்தான். நான் பக்கத்தில் சும்மா இருந்தேன். அவன் 97இல், ஆச்சி 98இல். பயல் உருட்டினான், 2, 2. எதை எடுத்தாலும் ஒன்றுதான். அவன் 99க்குப் போனான். மிச்ச இரண்டில் ஆச்சி 100ஐத் தொட்டுவிட்டாள், தன் முறை வராமலேயே.

"இது அழுகுணி ஆட்டம் ஆச்சி! நான் உருட்டுனதுல நீ எப்படி ஜெயிப்ப?"

"கூடாதுன்னு எங்கல எழுதிருக்கு?"

அவன் உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்தான். வில்லனின் படத்துக்குப் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் 1, 2, 3 என்று எண் போட்டு எழுத ஆரம்பித்தான். "ரெண்டுலயும் ஒரே நம்பர் விழுந்தா என்ன மாமா வைக்கலாம்?" என்று கேட்டான். அதற்குள் ஆச்சி பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.