இரண்டு நாள் வெயில் போதாது

பெங்களூரு அல்சூர்ப் பக்கத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'அபார்ட்மென்ட் கழிவுநீர்க் கசடை இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் சுத்தமான இயற்கை உரம்; மாடித்தோட்டக் கீரைக்கே போடலாம்.'

தவறு. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் உண்டு, சரி. ஆனால் நாற்றம் போய்விட்டாலும் குடற்புழு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அவை சாக, கசடை மரத்தூளோடு கலந்து வரிசையாகக் குவிக்கவேண்டும். உள்ளே 55 டிகிரி செல்சியஸ் சூடு 15 நாளாவது நிற்கவேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிப் போடவேண்டும் என்கிறது அமெரிக்க விதி. நம் மொட்டைமாடியில் யார் தெர்மாமீட்டரோடு நிற்பது?

அப்புறம் கசடில் இருக்கக்கூடிய ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள். எந்தச் சூட்டுக்கும் அவை அழியாது. ஆய்வகச் சோதனையில்தான் அளவு தெரியும். பச்சையாகத் தின்கிற கொத்தமல்லிக்கு இதைத் தொடவே வேண்டாம்.