வெயிலில் அலையாதீர்கள் என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

ஒவ்வொரு கோடையிலும் அதே அறிவுரைதான். மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே போகாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், தளர்வான பருத்தி உடை உடுத்துங்கள். இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் கட்டட வேலை செய்பவரும், வயலில் களை பறிப்பவரும், நாம் ஆர்டர் செய்த சாப்பாட்டை வண்டியில் கொண்டுவருபவரும் அந்த மூன்று மணி நேரம் எங்கே போய் உட்காருவார்கள்? உட்கார்ந்தால் கூலியை யார் தருவார்கள்?

காலநிலை மாற்றம் என்றாலே நம் முன் வந்து நிற்பது உருகும் பனிப்பாறையும் மெலிந்த பனிக்கரடியும்தான். புயலுக்குப் படம் உண்டு, வெள்ளத்துக்குப் படம் உண்டு. வெக்கைக்குப் படமே கிடையாது. அதில் சாகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே சாகிறார்கள். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதி முடித்துவிடுவார்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பதே, வழக்கமான ஆண்டுகளின் இறப்புக் கணக்கோடு பின்னால் ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். 2022 கோடையில் அதே கண்டத்தில் மறுபடி 60,000 பேருக்கு மேல். பணமும் மருத்துவமனையும் உள்ள நாடுகளின் கணக்கு இது. கணக்கெடுக்க ஆளில்லாத நாடுகளில் என்ன நடக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் 2021 ஜூன் இறுதியில் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது. மறுநாளே அந்த ஊர் தீயில் எரிந்தது. எரிந்த ஊரை உலகமே பார்த்தது. ஆனால் அந்தச் சில நாள் அனலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 619 பேர் இறந்தார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் கட்டடங்களுக்குள்ளே. பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். அவர்களை யாரும் பார்க்கவில்லை.

'மனிதன் எந்த வெயிலுக்கும் பழகிவிடுவான்' என்று பின்னூட்டம் போடுபவர்களுக்கு ஒரு பதில். உடல் பழகும், உண்மைதான். ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் பழகிக்கொள்ளும். அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. நம் உடம்பைக் குளிர வைப்பது வேர்வை காய்வதுதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை வழியும், காயாது. காற்று ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் ஏறத்தாழ 7% கூடுதல் நீராவியைத் தாங்கும். பேய்மழை கூடுவதற்கும் புழுக்கம் கூடுவதற்கும் இதுதான் காரணம்.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு (வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த கணக்கு இது) 35 டிகிரியைத் தொட்டால் மனித உடல் தாக்குப்பிடிக்காது என்று 2010இல் ஓர் ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது. பிறகு ஆரோக்கியமான இளைஞர்களையே ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தார்கள். புழுக்கமான சூழலில் அதே ஈரத்துணிக் கணக்கில் 31 டிகிரிக்கு அருகிலேயே உடல் சூடு கட்டுக்குள் நிற்காமல் ஏறத் தொடங்கிவிட்டது. இளைஞர்களுக்கே இப்படி. முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் எல்லை இன்னும் கீழே.

2024இல் உலக சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. ஒன்றரை டிகிரிதானே என்று தோன்றும். இந்த சராசரியில் கடலும் சேர்ந்திருக்கிறது. நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நாம் இருப்பது நிலத்தில்.

என்னை மிகவும் உறுத்துவது பகல் அல்ல, இரவு. நிலப்பரப்பின் பல பகுதிகளில் பகலைவிட இரவு வேகமாகச் சூடாகி வருகிறது. பகலெல்லாம் காய்ந்த உடம்பு ஆறுவதற்கு இருப்பது அந்த இரவு ஒன்றுதான். அதுவும் தகித்தால், மறுநாள் வெயிலுக்கு உடம்பு பாதி களைப்போடுதான் போகிறது. நெல்லுக்கும் இதே கதிதான். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் விளைச்சல் சுமார் 10% குறைந்ததாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஏசி இருக்கிறதே என்பீர்கள். அது அறையின் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. தெருவில் நிற்பவருக்கு ஏசி கிடையாது.

அதனால்தான் இதை வெறும் சுற்றுச்சூழல் பிரச்சினையாக என்னால் பார்க்க முடியவில்லை. இது கூலிப் பிரச்சினை. எல் சால்வடோர், நிகரகுவா கரும்பு வயல்களில் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். கடும் வெயிலில் ஓய்வில்லாமல் உழைப்பதும் நீர் வற்றுவதும் முக்கியக் காரணங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நிழல், தண்ணீர், இடையிடையே கட்டாய ஓய்வு என்று கொடுத்துப் பார்த்த இடத்தில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. இதற்கு எந்தப் புதுத் தொழில்நுட்பமும் தேவைப்படவில்லை.

கரியமில வாயுவைக் குறைக்காமல் சூடு ஏறுவது நிற்காது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. காற்றில் அதன் அளவு தொழிற்புரட்சிக்கு முன் 280 பிபிஎம் (பத்து லட்சத்தில் 280 பங்கு) ஆக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆனால் உலகத் தலைவர்கள் கூடிப் பேசி முடிக்கும் வரை வெயிலில் நிற்பவர் காத்திருக்க முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி உலகில் 240 கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கடும் வெப்பத்தை எதிர்கொள்கிறார்கள்.

தொழிலாளர் உரிமை விஷயத்தில் நிறையத் திட்டு வாங்கிய கத்தார்கூட 2021இல் ஒரு விதி போட்டது: கோடையில் காலை 10 முதல் மாலை 3.30 வரை திறந்தவெளி வேலை கூடாது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். அறிவுரையைவிட இது மேல், ஏனென்றால் இதில் முதலாளிக்கு ஒரு கடமை இருக்கிறது. எந்த நாடு இப்படி விதி எழுதினாலும், நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு என்ற ஒரு வரியையும் சேர்த்தே எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் 40 டிகிரியிலும் தொழிலாளி தானாகவே வேலையைத் தொடர்வார், அதிகாரி வந்தால் மட்டும் நிழலில் போய் உட்காருவார்.