கடைசி விசில்வரை நிற்கும் பிள்ளைகள்

போன வெள்ளிக்கிழமை அமெரிக்கக் கால்பந்தில் என் மகளின் பள்ளி 48க்கு 6 என்று தோற்றது. பத்து ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஒன்பது முடிந்திருக்கின்றன. எட்டில் தோல்வி, ஒன்றில் வெற்றி. மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் எங்கள் பக்கத்துக் கேலரி பாதிக்கு மேல் காலியாகிவிட்டது.

அமெரிக்கக் கால்பந்தை நேரில் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூவியும் ஆடியும் அணிக்கு உற்சாகமூட்டும் சியர்லீடர்கள் ஆட்டத்தின் பெரும்பகுதி மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கேலரியைப் பார்த்து நிற்பவர்கள். அதனால் அணி தோற்கத் தொடங்கியதும் மக்கள் எழுந்துபோவது அவர்கள் கண்ணில்தான் முதலில் படுகிறது. ஒருவர் போர்வையை மடிக்கிறார், இன்னொருவர் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்கிறார், இன்னொருவர் கார் சாவியைத் தேடுகிறார். அத்தனையையும் பார்த்துக்கொண்டே என் மகள் உட்பட எங்கள் பள்ளியின் பதினான்கு சியர்லீடர் பிள்ளைகளும் ‘டிஃபென்ஸ், டிஃபென்ஸ்’ என்று தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். கேட்கப் பாதிப் பேர்கூட இல்லை. குரல் மட்டும் குறையவே இல்லை.

இரண்டு வாரங்களுக்கு முன் ஹூஸ்டனில் நம் தமிழ்க் குடும்பங்கள் கூடிய விருந்தொன்றில் ஓர் அண்ணன் கேட்டார்: “தோற்கிற அணிக்கு எதற்கம்மா ஆட்டமும் பாட்டும்? நன்றாகப் படிக்கிற பிள்ளையை இதில் ஏன் விட்டீர்கள்?” விருந்துக்கு வந்த இடத்தில் வாக்குவாதம் வேண்டாமென்று பேசாமல் வந்துவிட்டேன். அப்படி வந்தது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சியர்லீடிங் பிறந்ததே ஒரு தோல்விப் பருவத்தில்தான். 1898இல் மின்னசோட்டா பல்கலைக்கழக அணி அடுத்தடுத்துத் தோற்றுத் துவண்டிருந்தது. மாணவர்களுக்கே ஆட்டத்தில் பிடிப்பு விட்டுப்போயிருந்த நேரம். அந்த நவம்பரில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் வந்து நின்று, எல்லோரையும் ஒரே குரலில் முழங்க வைத்தார். நார்த்வெஸ்டர்ன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மின்னசோட்டா வென்றது. ஜெயிக்கிற அணிக்கு மாலை போட வந்த வழக்கமாக இருந்திருந்தால் அந்த அண்ணனின் கேள்வி நியாயம். இது அதற்காக வந்ததே அல்ல.

முதல் கால் நூற்றாண்டுக்கு ஏறக்குறைய ஆண்கள் மட்டுமே செய்த வேலை இது. முழங்கால் காயத்தால் இனி ஆட முடியாது என்றான பிறகு, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஐசனோவர் சியர்லீடராக நின்றார். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானவர். அவரைப் பார்த்து யாரும் ‘படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு’ என்று கேட்டிருக்க மாட்டார்கள். பெண்கள் கைக்கு வந்த பிறகுதான் பிறர் கண்ணுக்கு இது விளையாட்டுத்தனமாகிவிட்டது. நம் ஊரில் 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது பவுண்டரிக்கு ஒரு முறை ஆடிய பெண்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தப் படம்தான் நம் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சம்பளத்துக்கு ஆடிய அந்தப் பெண்களையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளியில் நடப்பது வேறு.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் பள்ளி நடைபாதையில் நீளமான தாளை விரித்து, முட்டி போட்டு உட்கார்ந்து பேனர் வரைவார்கள். இரண்டரை மணி நேர வேலை. என் மகளின் நகக்கண்ணில் நீல வண்ணம் ஞாயிற்றுக்கிழமைவரை போகாது. மறுநாள் மாலை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அணி ஓடிவந்து அதைக் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் நுழையும். கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் கந்தல். ஒன்பது வாரமும் வரைந்தார்கள். ஐந்தாவது தோல்விக்குப் பிறகு, “இந்த வாரம் சும்மா பள்ளியின் பெயரை மட்டும் எழுதினால் போதாதா கண்ணு?” என்று கேட்டுவிட்டேன். “அம்மா, ஓடி வருகிற பையன்கள் அதைப் படிப்பார்கள்” என்றாள். அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

இனி என் ஆதங்கம். ஒரு பெண்ணை மூன்று பேர் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறார்கள். மேலே நிற்பவளை ஃப்ளையர் என்பார்கள், கீழே தாங்குகிறவர்களை பேஸ் என்பார்கள். என் மகள் பேஸ். செப்டம்பரில் ஒரு நாள் உடற்பயிற்சிக் கூடம் வேறு அணிக்குப் போய்விட்டதால், இவர்கள் நடைபாதையின் வெறுந்தரையில் பயிற்சி செய்தார்கள். கால் வழுக்கிய ஃப்ளையரை என் மகளும் இன்னொரு பெண்ணும் மார்போடு அணைத்துப் பிடித்துவிட்டார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் மகளுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. காயம் பார்க்கும் ட்ரெயினர் அந்த நேரம் கால்பந்து அணியோடு மைதானத்தில் இருந்தார். பிள்ளைகளே ஐஸ் தேடிக் கொண்டுவந்து கட்டினார்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2012இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: உயர்நிலைப் பள்ளி வீராங்கனைகளுக்கு நேரும் மிகக் கொடிய காயங்களில் பாதிக்கு மேல் சியர்லீடிங்கில்தான் நேர்கின்றன; எனவே இதை விளையாட்டாக அங்கீகரியுங்கள், முறையான பயிற்சியும் மருத்துவ வசதியும் கொடுங்கள், கடினமான தரையில் தூக்கி நிறுத்தாதீர்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு குவினிபியாக் பல்கலைக்கழக வழக்கில், போட்டிச் சியர்லீடிங்கை கல்வி நிலையங்களில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டத்தின்கீழ் விளையாட்டாகக் கணக்கிட முடியாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. பெண்கள் வாலிபால் அணியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் சியர் குழுவைக் காட்டப் பார்த்ததால் எழுந்த வழக்கு அது. அந்த வாலிபால் பெண்களுக்கு அந்தத் தீர்ப்பு நியாயமானதே. ஆனால் ‘விளையாட்டு அல்ல’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மெத்தை விரிப்புக்கும் ட்ரெயினருக்கும் கணக்குப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்? 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவே இதன் உலகச் சங்கத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. எங்கள் பள்ளி வளாகத்தில் மட்டும் நடைபாதைதான் கிடைக்கிறது. நானும் வேறு நான்கு பெற்றோரும் பள்ளி நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை விடப்போவதில்லை.

வரும் வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோர் கைபிடித்து மைதானத்தில் நடத்திச் செல்லும் சீனியர் நைட். எதிரணி இந்தப் பருவத்தில் ஒருமுறைகூடத் தோற்கவில்லை; முடிவு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வாருங்கள், அந்த அண்ணனையும் அழைக்கிறேன். ஏழரை மணிக்கு ஆட்டம் தொடங்கும், பத்தேகால் ஆகலாம். இரவில் குளிரும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கேலரியின் நடு வரிசையில் உட்காருவோம், அவர்கள் நேராகப் பார்க்கும் இடம் அது.